சேர்மன் மாடி

பாலத்தை இடம் தப்பிக் கட்டிவிட்டோம். நடந்தது அவ்வளவுதான்.

ஜனங்கள் ஆற்றில் இறங்கி ஏறுகிற துறை ஓரிடம். பாலம் நிற்பது அதற்கு இரண்டு பர்லாங் கிழக்கே. ஆறு வருஷம் ரோடு இல்லாமல் சும்மா நின்றது. எழுத ஒரு வரி போதும். நீ என்னடாவென்றால் நோட்டு நிறையக் கேள்வி எழுதிக்கொண்டு வந்திருக்கிறாய். சரி, உட்கார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்கார்.

காபி நான் போட்டது. அப்படித்தான் இருக்கும். வீட்டில் ஆள் இல்லை. கீரனேந்தலில் ஒரு கல்யாணம், காலை பஸ்ஸில் போய்விட்டாள். குடித்துவிடு, ஆறினால் இன்னும் மோசம்.

சேர்மனுக்கு நூற்றாண்டு மலர் போடுகிறீர்கள். போடுங்கள். சேர்மன் உலகப்பன் இருந்திருந்தால் மலருக்கு ஆகிற காகிதத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நோட்டு வரும் என்று கேட்டு உங்கள் உயிரை வாங்கியிருப்பார். இல்லை, தப்பித்தீர்கள்.

யூனியன் சேர்மனாகப் பன்னிரண்டு வருஷம். அப்புறம் எம்.எல்.ஏ.வாக இரண்டு தடவை. எம்.எல்.ஏ. என்று யாரும் கூப்பிட்டதில்லை. சாகிறவரைக்கும் சேர்மன்தான். நான் இந்தச் செங்கானம்பட்டிக்குக் கட்சிக் கிளைச் செயலாளர். சாத்தையா என்றால் யூனியன் முழுக்கத் தெரியும். முப்பது வருஷம் அவர் பின்னால் நடந்தேன். நடந்தேன் என்றால் பேச்சுக்குச் சொல்லவில்லை, காலால் நடந்தேன். அவருக்கு வண்டி ஏறினால் வாந்தி. நாற்பத்திரண்டு ஊருக்கு பஸ் விட்ட மனுஷன். ஒவ்வொரு ஊருக்கும் முதல் பஸ்ஸில் ஏற்றி மாலை போடுவார்கள். இரண்டாவது வளைவு வரைக்கும் தாங்குவார். அப்புறம் மாலையோடு இறங்கி வேலியோரம் உட்கார்ந்துவிடுவார். நான் தலையைப் பிடித்துக்கொள்வேன். பேண்டு வாத்தியக்காரன் நிறுத்துவதா வாசிப்பதா என்று என்னைப் பார்ப்பான்.

இதை எழுதாதே. எழுதினாலும் எழுது. எல்லோரும் பார்த்ததுதானே.

நல்ல பேச்சாளர் என்று மட்டும் போட்டுவிடாதே. பாவம் பிடிக்கும். கல்யாண வீட்டில் மைக்கைக் கொடுத்தால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு எருக்குழி எத்தனை அடி ஆழம் இருக்க வேண்டும் என்று ஆரம்பிப்பார். தாலி கட்டின கையோடு மாப்பிள்ளை எருக்குழிக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பான். சட்டசபையில் ஒரு கண்மாயில் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு உடைந்ததைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். எதிர்க்கட்சிக்காரன், ஆளுங்கட்சிக்காரன் எல்லோரும் ஒற்றுமையாக எழுந்து காபி குடிக்கப் போனார்கள். அந்தச் சபை அவ்வளவு ஒற்றுமையாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. ஆனால் கலுங்கு கட்டியாகிவிட்டது. தொல்லை தாங்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் தெருவிளக்கு வாங்கிக் கொடுத்தார். அவர் தெருவுக்கு வந்த விளக்கை மூன்று தடவை வேறு ஊருக்கு மாற்றினார். அவர் சம்சாரம் இருட்டில் வாய்க்காலில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டது. அந்தம்மா அவரைத் திட்டிய திட்டை நீ மலரில் போட்டால் மலர் நன்றாக விற்கும்.

சுருக்கமாகச் சொல்கிறேன். நீ குறுக்கே கேட்காதே.

ரோடு போட சர்க்கார் பணம் கொடுக்கும். நிலம் யார் கொடுப்பது? இந்தச் சீமையில் ஒரு முழம் நிலத்துக்கு அண்ணன் தம்பி மண்டையை உடைத்துக்கொள்வான். சட்டப்படி நோட்டீஸ் விட்டு எடுக்கலாம். சேர்மன் செய்ய மாட்டார். பிடுங்கின நிலத்தில் போட்ட ரோடு காலைச் சுடும் என்பார். அவர் வழி வேறே. சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு நிலத்துக்காரன் வீட்டுக்குப் போவார். துண்டை விரித்துத் தரையில் உட்காருவார். செம்பில் தண்ணீர் வரும். இருக்கட்டும் ஆத்தா என்பார். தொட மாட்டார். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். மழை, மாடு, பிள்ளைகள் படிப்பு, மாமியார் மூட்டுவலி, இதெல்லாம் பேசுவார். இலை போடுவார்கள். இருக்கட்டும் என்பார். மணி இரண்டாகும், மூன்றாகும். வீட்டுக்கு வந்தவர் பச்சைத் தண்ணீர் படாமல் உட்கார்ந்திருக்க, அந்த வீட்டுப் பொம்பளைகள் எப்படிச் சாப்பிடுவார்கள்? அவர்களும் பட்டினி. பிள்ளைகள் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கும். நாலு மணிக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்கும். வீட்டுக்காரி புருஷனைப் பிடித்து உலுக்குகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அவன் வந்து நிற்பான், எத்தனை அடி வேண்டும் என்று.

அதற்கப்புறம்தான் தண்ணீர். அதற்கப்புறம்தான் சோறு. நாற்பத்திரண்டு ஊருக்கும் இப்படித்தான் பாதை வந்தது. ஒருத்தன் மட்டும் இரண்டு நாள் இழுத்துப் பார்த்தான். இரண்டாம் நாள் சேர்மன் அவன் வாசலில் மயங்கி விழுந்தார். அவன் மாமியார் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். சேர்மனை அடிக்க இல்லை.

நானும் கூடவே உட்காருவேன். நான் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவேன். கட்சி வேலையில் இரண்டு பேருமா பட்டினி கிடக்க வேண்டும்?

நாற்பத்து மூன்றாவது ஊர் கீரனேந்தல். நரியாற்றுக்கு அந்தப் பக்கம். நூறு தலைக்கட்டு. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் இந்தப் பக்கம். நரியாறு வருஷத்தில் எட்டு மாதம் மணல். நாலு மாதம் தண்ணீர், இடுப்பு வரைக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்து உடுப்பைத் தலையில் சுமந்துகொண்டு இறங்கி வரும். பையன்கள் கரையிலேயே மாற்றிக்கொள்வான்கள். பொம்பளைப் பிள்ளைகள் எங்கே மாற்றும்? ஏழாவது எட்டாவதோடு நின்றுவிடும். கீரனேந்தலில் பத்தாவது படித்த பெண் ஒன்றுகூடக் கிடையாது. சேர்மனுக்கு அது ஒரு முள். ஓட்டுக் கேட்கப் போனபோது அந்த ஊரில் சொன்னார், இனிமேல் இந்த ஊருக்கு வந்தால் பஸ்ஸில்தான் வருவேன் என்று. வாந்தி வருகிற மனுஷன் சொல்கிற பேச்சா? சொன்னார். அதற்கப்புறம் அந்த ஊர்க் கல்யாணம், சாவு எதற்கும் போகவில்லை. இந்தக் கரையில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

எட்டு வருஷம் சென்னைக்கு நடந்து, நடந்து என்றால் ரயிலில், பாலத்துக்கு உத்தரவு வாங்கினார். அடிக்கல் நாட்ட மந்திரி வருகிறார். ஏற்பாடெல்லாம் நான்.

இப்போது கேள். நிகழ்ச்சி மத்தியானம் மூன்று மணி. பங்குனி வெயில். துறையில் ஒரு மரம் கிடையாது. மணல். மந்திரி கார் புதைந்தால் யார் தூக்குவது? கொஞ்சம் கிழக்கே என் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பு முனை ஆற்றைத் தொடும். நிழல், பம்பு செட்டுத் தண்ணீர், இளநீர், கார் திருப்ப இடம். அங்கே பந்தலைப் போட்டேன். கல்லையும் அங்கேயே நட்டோம். கல் எங்கே நட்டால் என்ன? எந்த ஊரில் கல் நட்ட இடத்தில் கட்டடம் வந்திருக்கிறது? மந்திரி மூன்று இளநீர் குடித்தார். நல்ல ஏற்பாடு என்று என் தோளைத் தட்டினார். போட்டோ உள்ளே மாட்டியிருக்கிறது, போகும்போது பார்.

துறையில் பாலம் என்று திட்டம் போட்டது பழைய ஓவர்சியர். அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் பைலைப் பார்த்தார். அடிக்கல் நாட்டப்பட்ட இடத்தில் பாலம் என்று எவனோ எழுதியிருக்கிறான். கல் எங்கே என்று கேட்டார். காட்டினார்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிட்டார்.

சேர்மன் எங்கே என்றா? மதுரை ஆஸ்பத்திரியில். சர்க்கரை வியாதி, காலில் புண். எட்டு மாதம் படுக்கை.

நான் பார்க்கவில்லையா என்றா? தினமும் பார்த்தேன். என் தோப்பு முனையில் தூண் எழும்பினால் எனக்குத் தெரியாதா? ஆபீசர் வேலையில் தலையிடக் கூடாது என்று சேர்மனே சொல்லியிருக்கிறார். அதோடு தோப்பு ஓரமாக ரோடு வந்தால் நாலு கடை கட்டி விடலாம் என்று ஒரு எண்ணமும் இருந்தது. எண்ணம் இருப்பது தப்பா?

கால் கட்டைவிரல் போய்த் திரும்பி வந்தார் சேர்மன். கம்பை ஊன்றிக்கொண்டு ஆற்றங்கரையில் நின்றார். ஆறு தூண், மேலே தளம், கைப்பிடிச் சுவர், எல்லாம் முடிந்து சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சாத்தையா, கல்ல எங்க நட்டோம்?"

"தோப்பு முனையில."

"எதுக்கு அங்க?"

"நெழலுக்கு."

"நெழல் நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் குணம் அப்படி. திட்டத் தெரியாது. கட்சிக்காரனுக்கு அது ஒரு குறைதான்.

சரி, பாலம் வந்துவிட்டது, இடிக்க முடியாது. ரோட்டை வளைத்துக்கொண்டுபோய்ச் சேர்த்தால் முடிந்தது. அந்தக் கரையில் கீரனேந்தல்காரர்கள் ஒரே நாளில் பாதை கொடுத்துவிட்டார்கள். சேர்மன் போய் உட்காரக்கூட வேண்டியிருக்கவில்லை. கரை மேடு, பாலத்தோடு சமமாகச் சேர்ந்துவிட்டது. இந்தக் கரையில்தான் கோளாறு. பாலம் பத்தடி உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. மண் கொட்டி மேடாக்கி மெயின் ரோட்டில் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு பட்டா நிலம். அதன் குறுக்கே போகாமல் வழியில்லை. சொந்தக்காரன் கொடுக்கவில்லை.

யார் அவன் என்றா?

யாராக இருந்தால் உனக்கென்ன?

நான்தான். எழுதிக்கொள். பதினோரு தென்னை தம்பி. நடுத்தோப்பில். ஓரமாகப் போனால் கொடுத்திருப்பேன். ஓரத்தில் வளைவு திரும்பாது, பஸ் கவிழும் என்றான் ஓவர்சியர். நடுவில் கிழித்துக்கொண்டு போக வேண்டுமாம். அந்தப் பாலத்தை அங்கே யார் கட்டச் சொன்னது? கட்டினவன் யோசிக்க வேண்டாமா?

ஆறு வருஷம் அப்படியே நின்றது. அதில் மிளகாய் வற்றல் காயப்போட்டார்கள். புளி காயப்போட்டார்கள். ஆடு ஏறிப் படுத்தது. சாயங்காலமானால் சீட்டாடுகிறவன்கள். சேர்மன் மாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கேடா போகிறாய் என்றால், சேர்மன் மாடிக்கு. இந்தக் கரையில் இறங்க ஏணி வைத்துப் பார்த்தார்கள், ஒரு பிள்ளை விழுந்து காலை ஒடித்துக்கொண்டது, ஏணியை எடுத்துவிட்டார்கள். கீரனேந்தல் ஜனங்கள் வழக்கம்போல ஆற்றில்தான் இறங்கி வந்தார்கள். ஒரு வித்தியாசம், இப்போது பாலத்துக்கு அடியில் இறங்கினார்கள். மழை பெய்தால் தலை நனையாது.

பொம்பளைப் பிள்ளைகள் என் தோப்பு பம்பு செட்டு அறையில் உடுப்பு மாற்ற ஆரம்பித்தன. என் வீட்டுக்காரி சாவியைக் கொடுத்துவிட்டாள். ஈரப் பாவாடையைத் தென்னைக்குத் தென்னை கயிறு கட்டிக் காயப்போட்டிருக்கும். தோப்பா வண்ணான் துறையா என்று சத்தம் போட்டேன். அவள் காதில் வாங்கவில்லை. சாயங்காலம் அந்தப் பிள்ளைகள் திரும்பிப் போகிற நேரத்துக்கு இவளும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். என்ன பேசுவார்களோ. நான் கேட்டதில்லை.

எலெக்ஷன் வந்தது. எதிர்க்கட்சிக்காரன் வேறு ஒன்றும் பேசவில்லை. மேடையை நேராகப் பாலத்துக்குக் கீழே போட்டான். அண்ணாந்து பாருங்கள், இவர் கட்டின மாடி என்றான். அறுநூற்றுச் சில்லறை ஓட்டில் சேர்மன் தோற்றார். கீரனேந்தலிலேயே பாதி ஓட்டு மாறிப்போயிற்று. நன்றி கெட்ட ஜனங்கள்.

தோற்ற ஒரு மாதத்தில் ஒருநாள் சேர்மன் என் வீட்டுக்கு வந்தார். பகல் ஒரு மணி. எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் கூடவே போய் உட்கார்ந்தவன், எனக்குத் தெரியாத வித்தையா? தெருமுனையில் கம்புச் சத்தம் கேட்கும்போதே உள்ளே போய் இவளிடம் சொன்னேன். தண்ணீர் கொண்டுவராதே, இலை போடாதே. நாம் கொடுத்தால்தானே அவர் வேண்டாம் என்பார்? கொடுக்காவிட்டால் என்ன செய்வார்? இந்த யோசனை நாற்பத்திரண்டு ஊரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

வந்தார். துண்டை விரித்து உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். தண்ணீர் வரவில்லை. இவள் நிலைப்படியில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சேர்மன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆத்தா, பசிக்குது. என்ன கொழம்பு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் தம்பி. கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. இரண்டாம் தடவை சோறு வாங்கினார். ரசத்துக்கும் வாங்கினார். தண்ணீர் ஒரு செம்பு குடித்தார். கையைக் கழுவினார். நல்லா இருந்துச்சு ஆத்தா என்றார். என்னிடம் உரம் கிடைக்கிறதா என்று கேட்டார். போய்விட்டார். தோப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நான் ஜெயித்துவிட்டேன். சாயங்காலம் டீக்கடையில் சொன்னேன், சேர்மன் எவன் வீட்டில் உட்கார்ந்தாலும் பட்டினிதான், என் வீட்டில் மட்டும் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார், அவருக்கு என்மேல் அப்படி ஒரு பிரியம் என்று. உண்மைதானே?

வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் சோறு அப்படியே இருக்கிறது. இவள் சாப்பிடவில்லை. என்ன உடம்புக்கு என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"குடுப்பான்னு நம்புற வீட்டுலதான் அவுக பட்டினி கெடப்பாக. நம்ம வீட்டுல சாப்பிட்டுப் போயிட்டாக."

பொம்பளைப் பேச்சு. ஒரு மனுஷன் பசிக்குச் சாப்பிட்டால் அதற்கு இவ்வளவு அர்த்தமா? படுத்துத் தூங்கு என்றேன்.

நாலு நாள் கழித்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். டவுனிலிருந்து வந்த ஒருத்தன் சொல்கிறான், உங்க வீட்டுக்காரம்மா பத்திர ஆபீஸ் வாசலில் நிற்கிறாக, கீரனேந்தல் பொம்பளைகள் பத்துப் பேர் கூட நிற்கிறாக என்று. சைக்கிளை எடுத்தேன். ஒன்பது கிலோமீட்டர். அந்த வயதில், எதிர்காற்றில். போய் இறங்கினால் எல்லாம் முடிந்துவிட்டது. ஊராட்சி கிளார்க் பத்திரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறான். இவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கீரனேந்தல்காரிகளோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"யாரக் கேட்டுக் குடுத்த?" என்றேன்.

"பட்டா யாரு பேருல இருக்கு?" என்றாள்.

அவள் பெயரில்தான் இருந்தது. அவள் அப்பா கல்யாணத்தன்று கொடுத்த நிலம். அப்போது வெறும் பொட்டல். தென்னை வைத்தவன் நான், தண்ணீர் இறைத்தவன் நான், வரி கட்டினவன் நான். முப்பது வருஷமாக என் தோப்பு என் தோப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஊரும் சாத்தையா தோப்பு என்றது. இவளும் சாத்தையா தோப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டா என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

கிளார்க் பயலிடம் பத்திரத்தைக் காட்டடா என்று வாங்கிப் பார்த்தேன். ரேகை வைத்திருப்பாள், தெரியாமல் வைத்துவிட்டாள் என்று வாதாடலாம், அதுதான் என் கணக்கு. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் கையெழுத்து. கோணலாக இருந்தாலும் கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம். அந்தப் பிள்ளைகள் பம்பு செட்டு அறையில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. நாலு வருஷமாக. நான் அறுபதடி தள்ளி மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது அவள் பஸ்ஸில் வந்தாள். நான் சைக்கிளில் வந்தேன்.

மரம் வெட்டின அன்றைக்கு நான் வெளியே வரவில்லை. சத்தம் வீட்டுக்குக் கேட்டது. எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாவது விழுந்த பிறகு மனசு கேட்காமல் போனேன். சேர்மன் விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறார், காலை நீட்டிக்கொண்டு. பக்கத்தில் உட்காரச் சொன்னார். இன்னொரு மரம் விழுந்தது. அப்புறம் சொன்னார்.

"நாப்பத்திரண்டு ஊர்ல கேட்டுட்டேன் சாத்தையா. ஒங்கிட்டத்தான் கேக்கத் தெரியல."

என்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. அவர் கண் கலங்கியிருந்தது. மலரில் இதைக் கொட்டை எழுத்தில் போடலாம்.

அடுத்த தைக்கு பஸ் விட்டார்கள். சேர்மன் பதவியில் இல்லை, ஆனாலும் அவரைத்தான் முதலில் ஏற்றினார்கள். பாலத்துக்கு நடுவில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் வழிவிட்டார்கள், வழக்கமான சமாசாரம் என்று. அவர் இறங்கவில்லை. ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். கீரனேந்தலில் இறங்கி, முதல் வீட்டில், யாரும் கொடுக்கிறதற்கு முன்னால், ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். சாவுக்கு வந்த கூட்டத்துக்கு அந்தப் பாலம் தாங்கியதே, அதுவே பெரிசு.

பாலத்துக் கல்வெட்டில் மந்திரி பெயர், கலெக்டர் பெயர், கான்ட்ராக்டர் பெயர் இருக்கிறது. கடைசியில் என் பெயர். நிலக்கொடை, சாத்தையா, கிளைச் செயலாளர். யாரோ கொடுத்த பட்டியல். திறப்பு விழாவில் என்னைக் கூப்பிட்டு மேடையில் பொன்னாடை போட்டார்கள். கொடைவள்ளல் என்றார்கள். அத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்றால் விழா கெட்டுப்போகாதா? இவள் கீழே மணலில் கீரனேந்தல்காரிகளோடு உட்கார்ந்திருந்தாள். கைதட்டினாள். நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை, சோற்றில் உப்பு இல்லை என்று நான் கத்தின அன்றைக்குக்கூட, அவள் அதை எடுக்கவில்லை. சண்டையில் எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உன் காகிதத்தில் என்ன எழுதிக்கொண்டு வந்திருக்கிறாய்? படி.

தலைவரின் வேண்டுகோளை ஏற்றுத் தம் தோப்பை மனமுவந்து வழங்கிய சாத்தையா.

வேண்டுகோளே வைக்கவில்லை என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடி அதை. நன்றாக அடி, தெரியாதபடிக்கு.

கல்வெட்டை இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது. கல். மலர் காகிதம்தானே, சரியாகவே போடு. இன்றைக்குக் கல்யாணம் அந்தப் பம்பு செட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி வீட்டில். ஹெட்மிஸ்ட்ரஸாக இருக்கிறாள், அவள் மகளுக்குக் கல்யாணம். நேரில் வந்து இவளைத்தான் அழைத்தாள், முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று. என்னையும் வரச் சொன்னாள், சம்பிரதாயத்துக்கு. இவள் வீட்டில் இருந்தால் இதையெல்லாம் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

எழுது. நிலம் கொடுத்தவர். பெயர் கேட்கிறாயா? நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்தா, ஏய், என்ன, இப்படியே ஓடிவிட்டது. அந்தப் பத்திரத்தில்தான் முதல் தடவையாக அந்தப் பெயரை எழுத்தில் பார்த்தேன்.

என் இனிஷியலைப் போடாதே. அழகப்பன் கொடுத்த நிலம், அவர் மகள் கொடுத்த ரோடு. அவர் இனிஷியலைப் போடு.

அ. வள்ளிக்கண்ணு.